ஊரி அவ்னேரி: தலைமறைவு இயக்கத்திலிருந்து ஆக்கிரமிப்பு எதிர்ப்புக்கு

அந்நிய ஆட்சியை எதிர்த்துப் போராடிய ஓர் இனம் தானே ஆளும் நிலையை எய்தும்போது, தனக்குக் கீழ் அகப்பட்ட பிறிதோர் இனத்தின் போராட்டத்தை எவ்வாறு நோக்குகின்றது என்ற வினா இருபதாம் நூற்றாண்டு வரலாற்றில் மீண்டும் மீண்டும் எழுவதாகும். பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒன்றே. நேற்று தாம் செய்தது விடுதலைப் போர். இன்று பிறர் செய்வது வன்செயல். இவ்விடையை ஏற்காது நின்றோர் எந்த நாட்டிலும் சிலரே. இஸ்ரேலியப் பத்திரிகையாளரும் பாராளுமன்ற உறுப்பினருமாக விளங்கிய ஊரி அவ்னேரி (1923 - 2018) அச்சிலருள் ஒருவர். பதினைந்து வயதை எட்டுமுன்னரே யூதத் தலைமறைவுப் படையொன்றில் இணைந்த அவர், நாற்பத்து மூன்றாம் வயதில் தம் நாடு வெற்றிக் களிப்பில் மூழ்கியிருந்த வேளையில், வென்ற நிலம் பிறருடையது என்று எழுதினார். இவ்விரு நிலைகளுக்குமிடையே அவர் நடந்துவந்த பாதை நேரானதன்று. அப்பாதையின் வளைவுகளே வரலாற்று மாணவரின் கவனத்துக்குரியவை.

அவ்னேரி 1923 செப்டெம்பர் 10ஆம் நாள் ஜேர்மனியின் வெஸ்ட்பாலியப் பகுதியிலுள்ள பெக்கும் என்னும் சிற்றூரிற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஹெல்முட் ஒஸ்டர்மன். தந்தையார் வங்கித் தொழிலில் ஈடுபட்டவர், குடும்பம் வசதியானது. குழந்தைப் பருவம் ஹனோவர் நகரிற் கழிந்தது. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது அவர் ஒன்பது வயதுச் சிறுவன். அவ்வாண்டு உயர்நிலைப் பள்ளியிற் சேர்ந்தபோது வகுப்பில் அவர் ஒருவரே யூதர். அதே பள்ளியில் அவருடன் பயின்ற ருடோல்ப் அவுக்ஸ்டைன் பின்னாளில் 'டெர் ஸ்பீகல்' சஞ்சிகையை நிறுவிப் புகழ் பெற்றவர். ஒரு முறை பள்ளிவிழாவில் மாணவர் அனைவரும் கையை உயர்த்தி நாசிக் கட்சியின் பாடலைப் பாடியபோது தாம் மட்டும் எழுந்து நின்றவாறே கையை உயர்த்தாதிருந்ததை அவ்னேரி முதுமையிலும் நினைவுகூர்ந்தார். அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் குடும்பம் ஜேர்மனியை விட்டு வெளியேறி நவம்பரிற் பலஸ்தீனத்தை அடைந்தது. வரப்போவதை முன்னுணர்ந்து 1933இலேயே புறப்பட்ட யூதக் குடும்பங்கள் அதிகமல்ல. தந்தையாரின் அந்த ஒரு முடிவினால் அவர்கள் உயிர் தப்பினர்.

புதிய நாட்டிற் செல்வம் நிலைக்கவில்லை. நகலால் என்னும் கூட்டுறவுக் கிராமத்திற் சிறிது காலம் தங்கியபின் குடும்பம் தெல் அவீவ் நகரில் வறுமையோடு வாழ்ந்தது. வங்கியாளராயிருந்தவரும் அவர் மனைவியும் சலவை செய்தும் துணிகளை அழுத்திக் கொடுத்தும் பிழைத்தனர். மகன் பதினான்காம் வயதிற் பள்ளியை விட்டுச் சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்தில் இலிகிதரானார். அவருடைய முறையான கல்வி அவ்வளவே. ஆயினும் பிரித்தானிய ஆணை ஆட்சியின் சட்டங்களும் நீதிமன்ற நடைமுறைகளும் அவ்வலுவலகத்திலேயே அவருக்கு அறிமுகமாயின. பிற்காலத்தில் அவர் பாராளுமன்றத்தில் ஆற்றிய உரைகளில் ஒழுங்குவிதிகளின் இலக்கங்களும் உட்பிரிவுகளும் தாராளமாக இடம்பெற்றமைக்கு இப்பயிற்சியும் ஒரு காரணமாகலாம்.

அக்காலப் பலஸ்தீனம் கொந்தளித்துக்கொண்டிருந்தது. 1936இல் தொடங்கிய அராபியர் கிளர்ச்சி பிரித்தானிய ஆட்சியையும் யூதக் குடியேற்றத்தையும் ஒருங்கே எதிர்த்தது. யூத சமூகத்தின் உத்தியோகபூர்வத் தலைமை 'தன்னடக்கம்' என்ற கொள்கையைப் பேணிற்று. அதனை ஏற்காதவர்கள் இர்கூன் என்னும் தலைமறைவுப் படையைச் சார்ந்தனர். 1938 ஏப்ரிலில் றொஷ் பினாவுக்கு அண்மையில் அராபியப் பயணிகள் சென்ற பேருந்தொன்றின் மீது யூத இளைஞர் மூவர் பழிவாங்கும் நோக்குடன் சுட்டனர். எவருக்கும் உயிராபத்து நேரவில்லை. எனினும் அவர்களுள் ஒருவரான ஷ்லோமோ பென் யோசேப் இராணுவ நீதிமன்றத்தினால் தண்டிக்கப்பட்டு 1938 ஜூன் 29ஆம் நாள் அக்கா சிறையிலே தூக்கிலிடப்பட்டார். பிரித்தானியராற் பலஸ்தீனத்திற் தூக்கிலிடப்பட்ட முதலாவது யூதப் போராளி அவர். அச்செய்தியே பதினைந்து வயது நிரம்பாத ஹெல்முட்டை இர்கூனிற் சேரத் தூண்டியது. தூக்கிலேறியவரின் இடத்தை நிரப்ப ஒருவர் வேண்டும் என்பதே அவரது எண்ணம்.

அவரை இயக்கத்திற் சேர்த்த நிகழ்ச்சி அவரது நினைவுக் குறிப்புகளில் இடம்பெறுகின்றது. இருண்ட அறையில் கண்ணிலே விளக்கொளி பாய்ச்சப்பட, முகம் தெரியாதவர்கள் வினாக்களைத் தொடுத்தனர். அராபியரை வெறுக்கின்றாயா என்று கேட்டபோது இல்லை என்றார் சிறுவர். ஆங்கிலேயரை வெறுக்கின்றாயா என்றபோதும் விடை அதுவே. வினவியோர் திகைத்தனராம். இந்நிகழ்ச்சியைப் பிற்காலப் புகழின் ஒளியில் மிகைப்படுத்திவிடலாகாது. வெறுப்பின்றி இணைந்தவரும் வெறுப்பின் கருவியாகப் பயன்படக்கூடும். அவர் சேர்ந்த அதே மாதங்களில் இர்கூன் ஹைபா, யாபா, ஜெருசலேம் ஆகிய நகரங்களின் அராபியச் சந்தைகளிற் குண்டுகளை வைத்தது. 1938 ஜூலையில் ஹைபாச் சந்தையில் மட்டும் பத்துக் கணக்கான பொதுமக்கள் மாண்டனர். அவ்னேரி குண்டு வைத்தவர் அல்லர். வயதினால் அத்தகைய பணி அவரிடம் ஒப்படைக்கப்படவில்லை. துண்டுப்பிரசுரங்களைப் பரப்புதலும் பயிற்சி பெறுதலுமே அவரது பணி. எனினும் அவ்வமைப்பின் உறுப்பினராகத் தாம் இருந்ததை அவர் ஒருபோதும் மறைத்தாரல்லர். மறைக்காதது மட்டுமன்று, பின்னாளில் பலஸ்தீன இளைஞரைப் பயங்கரவாதிகள் என்று கூறி வாதத்தை முடித்துவிட முனைந்தோரிடம், தாமும் அவ்வயதில் அப்பெயரைப் பெற்றவரே என்று அவர் நினைவூட்டுவது வழக்கம்.

மூன்று நான்கு ஆண்டுகளில் அவர் இர்கூனை விட்டு விலகினார். இயக்கத்தின் வழிமுறைகளும் அராபியர் பற்றிய அதன் மனப்பான்மையும் அவருக்கு ஒவ்வாதனவாயின. இதற்கிடையில், பிரித்தானியப் படையிற் சேர்ந்திருந்த தமையனார் வேர்னர் 1941இல் எத்தியோப்பியப் போர்முனையில் மடிந்தார். அவரது நினைவாகவே அவ்னேரி என்ற குடும்பப் பெயரைத் தம்பி சூட்டிக்கொண்டார். ஒரே வீட்டில் ஒரு மகன் பிரித்தானியருக்கெதிரான தலைமறைவுப் படையில் இருந்தவர். மறு மகன் பிரித்தானியச் சீருடையில் இறந்தவர். அக்காலப் பலஸ்தீன யூதரின் நிலையை விளக்க இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுத் தேவையில்லை.

இர்கூனிலிருந்து விலகியவர்கள் பலர் தொழிலாளர் கட்சியின் பக்கம் சாய்ந்தனர், சிலர் பொதுவுடைமைவாதிகளாயினர். அவ்னேரி இவ்விரு வழிகளையும் தேர்ந்தாரல்லர். கவிஞர் யொனத்தான் ரத்தோஷைச் சூழ்ந்திருந்த 'கானானியர்' என்ற சிறு குழுவின் கருத்துகள் அவரை ஈர்த்தன. உலகெங்குமுள்ள யூத சமயத்தவர் வேறு, பலஸ்தீன மண்ணில் எபிரேய மொழி பேசி வளரும் புதிய தேசிய இனம் வேறு என்பது அவர்களது அடிப்படைக் கொள்கை. ஆனால் அக்குழு அராபியத் தேசியத்தின் இருப்பையே மறுத்தது. இங்குதான் அவ்னேரி பிரிந்து சென்றார். எபிரேயர் ஒரு தேசிய இனமாயின் அராபியரும் அவ்வாறே ஆவர். முன்னதை ஏற்றுப் பின்னதை மறுத்தல் தருக்கத்துக்கு ஒவ்வாது என்பது அவர் கண்ட முடிவு. 1946இல் அவரும் நண்பர்களும் இளம் இஸ்ரேல் நாடு என்ற பொருள்படும் பெயரில் ஓர் இயக்கத்தை நிறுவினர். 'பமாவக்' (போராட்டத்தில்) என்ற வெளியீட்டினாலேயே அவ்வியக்கம் பெரிதும் அறியப்பட்டது. 1947இல் ஐக்கிய நாடுகள் சபை பலஸ்தீனத்தைப் பிரிப்பது பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த வேளையில், செமித்தியப் பிரதேசத்திற் போரா சமாதானமா என்று வினவும் சிறுநூலொன்றை அவர் வெளியிட்டார். எபிரேயத் தேசியமும் அராபியத் தேசியமும் குடியேற்றவாதத்துக்கெதிராக இணைய வேண்டும் என்பது அதன் சாரம். 'மத்திய கிழக்கு' என்ற சொல்லை அவர் விரும்பவில்லை. அது இலண்டனிலிருந்து பார்ப்போரின் திசைக்கணக்கு என்பது அவர் கருத்து. அந்நூல் வெளிவந்து சில மாதங்களுக்குள் போர் மூண்டுவிட்டது.

இவ்விடத்திலே ஒரு கேள்வி எழுவது இயல்பு. போருக்கு முன் சமாதானத்தை வேண்டியவர் போர் மூண்டதும் செய்ததென்ன? படையிற் சேர்ந்தார். முதலிற் கிவாத்திப் படைப்பிரிவின் சிப்பாயாகவும், பின்னர் அப்பிரிவின் ஜீப் வண்டி அணியான 'சிம்சோனின் நரிகள்' என்பதன் உறுப்பினராகவும் தென்முனையிற் போரிட்டார். பெலிஸ்தியரின் வயல்களுக்கு நெருப்பு மூட்ட நரிகளின் வாலிலே தீப்பந்தங்களைக் கட்டிவிட்ட விவிலியச் சிம்சோனின் கதையிலிருந்து அப்பெயர் பிறந்தது. போர்முனையிலிருந்து அவர் எழுதியனுப்பிய குறிப்புகளை வாசகர் ஆவலுடன் படித்தனர். எதிர்ப்புறத்தில் பலூஜா முற்றுகையினுள் அகப்பட்டிருந்த எகிப்தியப் படையினருள் கமால் அப்துல் நாசர் என்ற இளம் அதிகாரியும் ஒருவர் என்பது அப்போது இப்புறத்தில் எவருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. 1948இன் பிற்பகுதியில் அதே போர்முனையில் அவ்னேரி வயிற்றிற் குண்டடிபட்டார். மொரோக்கோவிலிருந்து அண்மையில் வந்து அவரது அணியிற் சேர்க்கப்பட்டிருந்த இளைஞர்கள் சூட்டுக்கிடையே அவரைத் தூக்கி வந்து காப்பாற்றினர்.

போரில் அவர் கண்டவை இரு வகையின. தம் தோழரின் துணிவும் தியாகமும் ஒரு வகை. மற்றையது, துரத்தப்பட்டோ அஞ்சியோ ஓடிய அராபியக் கிராமத்தவரின் வீடுகள். உணவு ஆறாமலே கிடந்த வீடுகளினுள் நுழைந்த அனுபவத்தை அவர் பலமுறை பேசியும் எழுதியுமுள்ளார். ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட பலஸ்தீனர் அப்போரில் ஏதிலிகளாயினர். போர் முடிந்தபின் திரும்பிவர அனுமதிக்கப்படவுமில்லை. பலஸ்தீன மக்கள் என ஒரு மக்கள் உளர், அவர்களோடு இணங்காமல் அந்நாட்டில் எவருக்கும் வாழ்வில்லை என்ற முடிவுக்கு வைத்தியசாலைக் கட்டிலிற் கிடந்தபோதே தாம் வந்ததாக அவர் கூறியுள்ளார்.

முன்னைய குறிப்புகள் 1949இல் 'பெலிஸ்தியரின் வயல்களில், 1948' என்ற நூலாக வெளிவந்து நாடெங்கும் பரபரப்பாக விற்பனையாயின. அவ்னேரி ஒரே நாளில் போர்வீர எழுத்தாளராகப் போற்றப்பட்டார். ஆனால் இளைஞர்கள் அந்நூலைப் படித்து, போரைத் தவறவிட்டோமே என்று ஏங்குவதைக் கண்டு அவர் துணுக்குற்றார். உடனே 'நாணயத்தின் மறுபக்கம்' என்ற இரண்டாம் நூலை எழுதி 1950இல் வெளியிட்டார். கிராமத்தவரை விரட்டியமை, கொள்ளை, கைதிகளையும் நிராயுதபாணிகளையும் கொன்றமை ஆகியன கதை வடிவில் அதிற் கூறப்பட்டன. முதல் நூலைக் கொண்டாடிய அதே சமூகம் இரண்டாம் நூலின் ஆசிரியரைப் பகைவனாகக் கருதிற்று. இஸ்ரேலிய ஆவணக் காப்பகங்கள் திறக்கப்பட்டு 1980களிற் 'புதிய வரலாற்றாசிரியர்' எழுதத் தொடங்குமுன், அந்நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்த மிகச் சில எபிரேயப் படைப்புகளுள் அது ஒன்று என்ற வகையில் அந்நூலின் இடம் இன்னும் போதியளவு மதிப்பிடப்படவில்லை.

1950இல், படைச்சேவைக்கும் காயத்துக்குமாகக் கிடைத்த பணத்தைக் கொண்டு, ஷலோம் கோஹன் என்ற நண்பருடன் சேர்ந்து, நலிந்துகொண்டிருந்த 'ஹஓலம் ஹஸே' (இவ்வுலகம்) என்ற வாரச் சஞ்சிகையை அவர் விலைக்கு வாங்கினார். அடுத்த நாற்பது ஆண்டுகள் அதன் பத்திராதிபர் அவரே. அச்சமுமின்றிப் பாரபட்சமுமின்றி என்பது அதன் மகுட வாக்கியம். ஊழல்களை அம்பலப்படுத்தியும் இராணுவத் தணிக்கையுடன் மல்லுக்கு நின்றும் அச்சஞ்சிகை பெயர் பெற்றது. அதே வேளையில் பின்னட்டையில் அரைகுறை ஆடைப் பெண்களின் படங்களையும் வதந்திகளையும் தந்து விற்பனையைப் பெருக்கியது என்பதையும் மறைப்பதற்கில்லை. கொள்கையாளர் பலர் இதன்பொருட்டு முகஞ்சுளித்தனர், அச்சுளிப்பு நியாயமானதே. ஆயின் மறுபக்கத்தில் முன்னட்டையைப் படித்தவர்களின் தொகையும் அதனாலேயே பெருகிற்று. 1953 அக்டோபரில் இஸ்ரேலியப் படையினர் ஜோர்தான் எல்லைக்குள் புகுந்து கிப்யா என்னும் கிராமத்தில் ஏறத்தாழ எழுபது பேரைக் கொன்றதைச் சஞ்சிகை கண்டித்தது. சில வாரங்களில் அவ்னேரி இரவில் வழிமறிக்கப்பட்டுத் தாக்கப்பட்டார். அவரது கைகள் முறிக்கப்பட்டன. சஞ்சிகை அலுவலகத்திற் குண்டுகளும் வெடித்தன.

ஆக்கிரமிப்பு என்ற சொல் இன்று 1967ஐயே நினைவுபடுத்துகின்றது. ஆனால் அவ்னேரியின் இராணுவ ஆட்சி எதிர்ப்பு அதற்கு நெடுநாள் முன்னரே தொடங்கியது. 1948இன் பின் இஸ்ரேலின் எல்லைக்குள் எஞ்சிய ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் அராபியர் குடியுரிமை பெற்றனர், வாக்களித்தனர், ஆனால் 1966 இறுதிவரை இராணுவ ஆட்சியின் கீழேயே வாழ்ந்தனர். ஊரை விட்டு வெளியேற அனுமதிச்சீட்டு வேண்டும். இராணுவ ஆளுநர் விரும்பினால் எவரையும் விசாரணையின்றித் தடுத்துவைக்கலாம், நாடுகடத்தலாம், ஒரு பகுதியை மூடிய பிரதேசமெனப் பிரகடனஞ் செய்து அங்குள்ள நிலத்தை உரியவர் பயிரிட முடியாமற் செய்யலாம். இவ்வதிகாரங்கள் அனைத்தும் 1945இல் பிரித்தானியர் யூதத் தலைமறைவு இயக்கங்களை ஒடுக்குவதற்கென ஆக்கிய பாதுகாப்பு (அவசரகால) ஒழுங்குவிதிகளிலிருந்து பெறப்பட்டவை. 1946இல் யூதச் சட்டத்தரணிகள் கூடி அவ்விதிகளைக் கண்டித்தபோது, யாக்கோவ் ஷிம்ஷொன் ஷப்பிரா என்பவர், இத்தகைய சட்டங்கள் நாசி ஜேர்மனியிற்கூட இருந்ததில்லை என்ற பொருளிற் பேசினார். இரண்டு ஆண்டுகளின் பின் புதிய அரசின் முதலாவது சட்டமா அதிபர் அவரே. ஒழுங்குவிதிகள் அப்படியே நீடித்தன. பிரித்தானியர் விட்டுச் சென்ற அவசரகாலச் சட்டங்கள் சுதந்திர அரசுகளின் கையிற் புத்துயிர் பெறுதல் 1947ஆம் ஆண்டுப் பொதுசனப் பாதுகாப்புச் சட்டத்தை அறிந்த இலங்கை வாசகருக்குப் புதுமையன்று.

இவ்வாட்சியின் இயல்பை 1956 அக்டோபர் 29ஆம் நாள் கஃபர் காசிம் கிராமத்தில் நிகழ்ந்த படுகொலை உலகுக்குக் காட்டியது. எகிப்தின் மீதான படையெடுப்புத் தொடங்கிய அன்று, ஜோர்தான் எல்லையோர அராபியக் கிராமங்களில் ஊரடங்கு மாலை ஐந்து மணிக்கு முன்தள்ளப்பட்டது. கிராமத் தலைவருக்கு அது தெரிவிக்கப்பட்டது அரைமணி நேரத்துக்கு முன்னரே. வயல்களிலும் கற்குழிகளிலும் வேலைக்குச் சென்றிருந்தோர் ஏதுமறியாது திரும்பி வந்தபோது எல்லைக் காவற்படையினர் அவர்களை நிறுத்திச் சுட்டனர். பெண்களும் சிறுவரும் உட்பட 48 பேர் இறந்தனர். இதே கட்டளையைப் பெற்று அயற் கிராமங்களில் நின்ற வேறு அதிகாரிகள் மக்களை வீட்டுக்குச் செல்ல விட்டனர் என்பது இங்குக் குறித்துக்கொள்ளப்படவேண்டியது. கட்டளை ஒன்றே, நிறைவேற்றியவர்களே வேறுபட்டனர். தணிக்கையினாற் செய்தி பல வாரங்கள் மறைக்கப்பட்டது. பொதுவுடைமைக் கட்சி உறுப்பினர்களான தௌபீக் தூபியும் மெயர் வில்னரும், 'ஹஓலம் ஹஸே' சஞ்சிகையும் அதனை வெளிக்கொணரப் பாடுபட்டனர். 1958இல் நீதிபதி பென்யமின் ஹலேவி, வெளிப்படையாகவே சட்டவிரோதமான கட்டளைக்குக் கீழ்ப்படிதல் குற்றம் என்று தீர்ப்பளித்தார். எண்மர் குற்றவாளிகளாகக் காணப்பட்டு ஏழு முதல் பதினேழு ஆண்டுவரை தண்டிக்கப்பட்டனர். 1960 ஆரம்பத்துக்குள் அனைவரும் விடுதலையாகிவிட்டனர். படைப்பிரிவுத் தளபதிக்கு விதிக்கப்பட்ட தண்டப்பணம் பத்துப் புரூத்தா, அதாவது இஸ்ரேலியப் பவுணின் நூறிலொரு பங்கு.

அதே 1956இல் அவ்னேரி 'செமித்திய நடவடிக்கை' என்ற அமைப்பை நிறுவியவருள் ஒருவரானார். லேஹி என்ற தீவிரத் தலைமறைவு இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவராயிருந்த நாத்தான் யெல்லின்-மோர் அதில் அவருடன் நின்றார். இராணுவ ஆட்சி எதிர்ப்பில் இவ்வாறு முன்னாள் தலைமறைவு இயக்கத்தவர் பலர் முன்னணியில் நின்றமை தற்செயலன்று. 1945ஆம் ஆண்டு விதிகளின்கீழ்த் தேடப்பட்டவர்கள் அவர்களே. வலதுசாரித் தலைவர் மெனாஹெம் பெகினும் இராணுவ ஆட்சி நீங்கவேண்டுமென்றே பாராளுமன்றத்தில் வாதிட்டார் என்பதை அவரது பிற்கால வரலாற்றை மட்டும் அறிந்தோர் நம்பத் தயங்கலாம். 1963இல் அதனை நீக்கும் முயற்சி ஒரு வாக்கினாலேயே தோற்றது. 1965இல் அரசு கொண்டுவந்த அவதூறுச் சட்டம் தம் சஞ்சிகையை முடக்கவே எனக் கண்ட அவ்னேரி, பாராளுமன்றப் பாதுகாப்பை நாடிச் சஞ்சிகையின் பெயரிலேயே கட்சியமைத்துத் தேர்தலில் நின்று ஓர் ஆசனம் பெற்றார். 1966 டிசெம்பர் முதலாந் திகதி இராணுவ ஆட்சி முடிவுற்றதாக அறிவிக்கப்பட்டது.

ஆறு மாதங்களே கழிந்தன. 1967 ஜூன் 5ஆம் நாள் தொடங்கிய போர் ஆறு நாட்களில் மேற்குக் கரை, காசா, சினாய், கோலான் ஆகிய பகுதிகளை இஸ்ரேலின் கைப்படுத்திற்று. பத்து இலட்சம் அளவிலான பலஸ்தீனர் புதிதாக இராணுவ ஆட்சியின் கீழ் வந்தனர். அதே 1945ஆம் ஆண்டு விதிகள் அவர்கள் மீதும் பிரயோகிக்கப்பட்டன. போர் ஓயுமுன்னரே அவ்னேரி பிரதமர் லெவி எஷ்கோலுக்குப் பகிரங்கக் கடிதமொன்றை வெளியிட்டு, கைப்பற்றிய நிலத்திற் பலஸ்தீனர் தமக்கென அரசமைக்க வாய்ப்பளிக்குமாறு கோரினார். பலஸ்தீனர் என்றொரு மக்கள் இருப்பதையே அரசியல்வாதிகள் ஏற்காத காலம் அது. மேற்குக் கரையின் உள்ளூர்த் தலைவர்கள் பலரையும் அவர் சந்தித்துப் பேசினார்.

எனினும் அதே மாதம் 27ஆம் நாள் கிழக்கு ஜெருசலேமை இணைப்பதற்கு வழிவகுத்த சட்டத்துக்கு அவர் ஆதரவாக வாக்களித்தார். அவரைப் போற்றுவோர் இதனைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். வெற்றியின் மயக்கம் அவரையும் தீண்டாது போகவில்லை. இரு கூறாயிருந்த நகரம் ஒன்றாவதைத் தடுக்க அவருக்கு மனம் வரவில்லை. பின்னர் அவ்வாக்குக்காக அவர் வருந்தினார். ஜெருசலேம் இரு அரசுகளுக்கும் தலைநகராதல் வேண்டும் என்ற கோரிக்கையைத் தம் வாழ்நாள் இறுதிவரை வலியுறுத்தினார்.

அக்கோடைகாலத்தில் மனச்சாட்சி விழித்தவர் அவர் ஒருவரே என்றும் கூறவியலாது. லத்ரூன் பகுதியில் இம்வாஸ், யாலு, பெய்த் நூபா என்ற மூன்று கிராமங்கள் தரைமட்டமாக்கப்பட்டபோது சிப்பாயாக அங்கு நின்ற எழுத்தாளர் அமொஸ் கெனன், துரத்தப்பட்ட முதியோரும் குழந்தைகளும் வெயிலில் நடந்துசென்ற காட்சியை அறிக்கையாக எழுதினார். அவரும் முன்னாள் லேஹி உறுப்பினரே. செப்டெம்பர் 22ஆம் நாள் 'ஹஆரெட்ஸ்' நாளிதழில் பன்னிருவர் கையொப்பமிட்ட சிறு விளம்பரமொன்று வெளிவந்தது. ஆக்கிரமிப்பு எதிர்ப்பையும், எதிர்ப்பு ஒடுக்குமுறையையும், ஒடுக்குமுறை பயங்கரத்தையும் பிறப்பிக்கும். ஆதலால் உடனே வெளியேறுக என்பது அதன் கருத்து. கையொப்பமிட்டோரிற் சிலர் மட்ஸ்பென் என்ற சிறு இடதுசாரிக் குழுவைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய பார்வையில் அவ்னேரி இன்னும் தேசியவாதியே. இக்குற்றச்சாட்டிற் பெருமளவு உண்மையுண்டு. அவர் எபிரேயத் தேசியத்தைக் கைவிட்டவரல்லர். சியோனிசத்தைக் கடந்தவர் எனத் தம்மைக் கூறிக்கொண்டார், இஸ்ரேல் அரசின் இருப்பை ஐயுற்றாரல்லர், 1948இல் தாம் போரிட்டதற்காக வருந்தியதுமில்லை. தம் இனத்துக்கென அவர் கோரியதையே மற்ற இனத்துக்கும் கோரினார். சர்வதேசியவாதியின் தெளிவு அந்நிலைப்பாட்டில் இல்லை. ஆனால் சாதாரண இஸ்ரேலிய வாசகன் மறுத்துரைக்கக் கடினமான ஒரு நேர்மை அதில் இருந்தது.

1970 ஏப்ரிலில் ஐம்பத்தெட்டு உயர்தர வகுப்பு மாணவர்கள் பிரதமர் கோல்டா மெயருக்குக் கடிதமெழுதினர். நாசரைச் சந்திக்க நாஹும் கோல்ட்மனுக்கு அரசு இசைவு மறுத்த பின், முடிவின்றித் தொடரும் போரில் எவ்வாறு நம்பிக்கையுடன் போரிடுவது என அவர்கள் கேட்டனர். அவர்கள் அவ்னேரியின் சஞ்சிகை வெளிவந்துகொண்டிருந்த காலத்திற் பிறந்து வளர்ந்தவர்கள். 1982இல் லெபனான் போரில் பணியாற்ற மறுத்த மேலதிகப் படையினர் 'யெஷ் க்வூல்' இயக்கத்தை அமைத்தனர். எபிரேயத்தில் அத்தொடருக்கு 'எல்லை உண்டு' என்றும் 'பொறுமைக்கும் அளவுண்டு' என்றும் இரு பொருள்கள் உள.

அவ்னேரியின் சொந்த வழி பேச்சுவார்த்தையாக இருந்தது. 1970களின் நடுப்பகுதியில் பலஸ்தீன விடுதலை இயக்கத்தின் இலண்டன் பிரதிநிதி சயித் ஹம்மாமியுடன் இரகசியத் தொடர்பை ஏற்படுத்தினார். 1975 டிசெம்பரில், 1967 போரின் தளபதிகளுள் ஒருவரான மத்தித்யாகு பெலெட் முதலியோருடன் சேர்ந்து இஸ்ரேல் - பலஸ்தீன சமாதானத்துக்கான மன்றத்தை நிறுவினார். அதே மாதம் அவர் கத்தியாற் குத்தப்பட்டுப் படுகாயமுற்றார். ஹம்மாமி 1978 ஜனவரியில் இலண்டனிலும், அவரைத் தொடர்ந்து பேசிய இஸ்ஸாம் சர்த்தாவி 1983 ஏப்ரிலில் போர்த்துக்கல்லிலும் சுட்டுக்கொல்லப்பட்டனர். இஸ்ரேலியருடன் பேசியமைக்காகத் தம் பக்கத்துத் தீவிரவாதிகளாலேயே இருவரும் கொல்லப்பட்டனர். அவ்னேரி உயிரோடு எஞ்சினார்.

1982 ஜூலை 3ஆம் நாள், பெய்ரூத் இஸ்ரேலியப் படைகளின் முற்றுகையிலிருந்தபோது, அவர் போர்முனையைக் கடந்து சென்று யசீர் அரபாத்தைச் சந்தித்தார். பலஸ்தீனத் தலைவரை அவ்வாறு வெளிப்படையாகச் சந்தித்த முதல் இஸ்ரேலியர் அவரே. தேசத்துரோகக் குற்றஞ்சாட்ட வேண்டுமென அமைச்சர்கள் சிலர் கோரினர். வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. தீர்ப்பு வேறோரிடத்திலிருந்து வந்தது. தெல் அவீவிற் பிறர் துணிகளை அழுத்தி மகனை வளர்த்த தாயார் தம் மரணசாசனத்தில் அவருக்கு எதுவும் எழுதிவைக்கவில்லை. தம்மைக் கவனிப்பதை விட்டுக் கொலைகாரன் அரபாத்தைக் காணச் சென்றார் என்பது அதிற் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. அவ்னேரி இதனைப் பின்னர் ஒளிவுமறைவின்றி எழுதினார்.